வீட்டு வரி கட்டியாச்சு, யாரைக் கேட்பது? புதுச்சேரியின் பழைய வரிதாரர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரி மக்கள் கடைசியாக வார்டு கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டது 2006இல். அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. அந்த 2006 தேர்தலும் லேசில் வந்துவிடவில்லை. அதற்கு முந்தைய நகராட்சித் தேர்தல் நடந்தது 1968இல். இரண்டுக்கும் நடுவில் 38 ஆண்டுகள். 2006இல் பிறந்த பிள்ளைக்கு இன்று சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடும் வயது வந்துவிட்டது. தன் தெரு எந்த வார்டு என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

வீட்டு வரி மட்டும் ஒரு வருஷமும் நின்றதில்லை.

இந்த ஆய்வு அந்த வரியைக் கட்டுகிறவர்களில் ஒரு பகுதியினரைப் பற்றியது. முத்தியால்பேட்டையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் சொந்த வீட்டில் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் இவர்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள், ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில்லில் வேலை பார்த்து 2020இல் மில் மூடியபோது வெளியே வந்தவர்கள், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்ட நேரு வீதி வியாபாரிகள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் சொல்தா (சிப்பாய்) வீட்டார். எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பதில் இவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஆனால் கடன் கூடாது, இலவசம் ஆளைக் கெடுக்கும், வாசலைப் பெருக்குவது அவரவர் வேலை, சாலை மறியல் அநாகரிகம் என்பதிலெல்லாம் ஒரே குரல். இவர்கள் நடத்தும் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், சில நேரம் வாதாடியும் இருக்கிறேன். பெயர் போடவேண்டாம் என்றார்கள். போடவில்லை.

இவர்களை வரி கட்டப் பிடிக்காதவர்கள் என்று நினைத்துக்கொண்டு பேசப் போனால் ஏமாந்துதான் திரும்பவேண்டும். வரி கட்டுவதில் இவர்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது. ஒரு வீட்டில் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். அடியில் நோத்தேர் (பிரெஞ்சுக் காலத்துப் பத்திர அதிகாரி) எழுதிய பிரெஞ்சுப் பத்திரம், அதன் மேல் ஆண்டு வாரியாக அடுக்கிய வரி ரசீதுகள். கட்டியிருந்த ரப்பர் பேண்டு இற்றுப்போய்க் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய ரசீதுகளில் மை மங்கித் தொகை தெரியவில்லை, முத்திரை மட்டும் தெரிந்தது. "எங்கப்பா காலத்துலேருந்து பாக்கின்னு ஒண்ணு கிடையாது சார். எந்த ஆபீசர் வந்து கேட்டாலும் எடுத்து நீட்டுவேன்" என்றார் வீட்டுப் பெரியவர். பிறகு அவரே, "இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேட்டதில்ல" என்றும் சொன்னார்.

பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வட்டித் தள்ளுபடி என்று பேச்சு வந்தாலே இவர்களுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். முதல் மாதமே போய்க் கட்டினவன் ஏமாளி, பத்து வருஷம் இழுத்தடித்தவன் கெட்டிக்காரனா என்று கேட்பார்கள். இதற்கு யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியாது. நானும் முயலவில்லை.

மன்றம் இருந்த ஊர்

கவுன்சில் என்பது தமிழ்நாட்டைப் பார்த்துப் புதுச்சேரி கற்றுக்கொண்ட விஷயமில்லை. 1880 மார்ச் 12ஆம் தேதி ஆணையின்படி பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கொம்யூன் என்ற உள்ளாட்சிகளை அமைத்தார்கள். தேர்ந்தெடுத்த மன்றம், அதற்குத் தலைமையாக மேயர். அந்தக் காலத் தேர்தல்களில் அடிதடிக்கும் பெட்டி மாற்றுவதற்கும் குறைவில்லை, அதனால் அதைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் மன்றம் என்று ஒன்று இருந்தது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் இந்தியாவோடு இணைவதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும்தான் அவர்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. ஊரை இந்தியாவோடு சேர்த்ததே கவுன்சிலர்கள்தான், சேர்ந்த பிறகு அவர்களைத்தான் காணோம் என்று ஆசிரியர் ஒருவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சிரிப்பார்.

கடற்கரைச் சாலையில் 1870-71இல் கட்டிய மேரி (நகராட்சி மன்றக்) கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு அதே பழைய வடிவத்தில் திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. கூடி உட்கார்ந்து விவாதிக்க மன்றம்தான் இல்லை.

இந்த ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு வேடிக்கையும் உண்டு. சொல்தா வீட்டுத் தாத்தா பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் 2022 ஏப்ரலில் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியிலேயே வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டுப் போட்டு வந்தார். எதிர் வீட்டுக்காரர் இந்தியக் குடிமகன், வரி பாக்கி இல்லாதவர். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஆளப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கத் தாத்தாவால் முடிகிறது, தெருவிளக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்க எதிர் வீட்டுக்காரரால் முடியவில்லை.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்றால், இல்லை. 1993இல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தப்படி நகராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும். யூனியன் பிரதேசங்களுக்கும் இது பொருந்தும். 2021இல் மாநிலத் தேர்தல் ஆணையம் தேதிகூட அறிவித்தது. பிற்படுத்தப்பட்டோர், பழங்குடியினர் இடஒதுக்கீட்டு விவகாரத்தில் வழக்கு, போராட்டம் என்று ஆகி அது நின்றுபோனது. உள்ளாட்சியில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்கவேண்டுமானால் அதற்கென ஆணையம் அமைத்துத் தரவு திரட்டவேண்டும், எல்லா ஒதுக்கீடும் சேர்ந்து 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு மார்ச்சில் உறுதியாகச் சொல்லியிருந்ததுதான் சிக்கலின் வேர்.

இந்த விஷயத்தில் சங்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒதுக்கீடு இல்லாமலாவது நடத்தித் தொலைத்திருக்கலாம், பத்து வருஷத்துக்கு மேல் சும்மா கிடப்பதற்கு அது தேவலை என்றார் வியாபாரி. நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த மில்காரர் எழுந்து நின்றுவிட்டார். "அப்படி நடத்தினா அந்த மன்றத்துல யார் உக்காருவாங்கன்னு எனக்குத் தெரியும். நான் வெளிய நின்னு பாக்கறதுக்கா வரி கட்டறேன்?" என்றார். வரிதாரர்கள் என்று ஒரே பெயரில் இவர்களைக் கட்டிப் பேசும்போது இந்த வித்தியாசம் மறந்துபோகிறது. எனக்கு மில்காரர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் தரவு திரட்ட இத்தனை வருஷம் எதற்கு என்ற வியாபாரியின் எரிச்சலும் பொய்யில்லை.

ஒரு வாய்க்கால், பல ஆபீஸ்

தெருமுனையில் வாய்க்கால் மேல் போட்ட சிமெண்டுப் பலகை உடைந்தது. கதை இவ்வளவுதான். ஆனால் இந்தப் பலகையைச் சொன்னால் ஊர் நிர்வாகம் முழுவதையும் சொன்ன மாதிரி.

புதுச்சேரியில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பொதுப்பணித் துறையிடம் இருக்கின்றன. மின்சாரம் அரசின் மின்துறை. வீட்டு வரி, தொழில் உரிமம், பிறப்பு இறப்புப் பதிவு, சின்ன வாய்க்கால், உள்தெரு, தெருவிளக்கு, மாடு நாய் பிடிப்பது எல்லாம் நகராட்சி. குப்பை அள்ளுவது ஒப்பந்ததாரர். அவரை நியமிப்பது உள்ளாட்சித் துறை. இதில் தெரு வாய்க்கால் மழைநீருக்கானது. ஆனால் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டு மேன்ஹோல் பொங்கினால் அந்தக் கழிவும் இதே வாய்க்காலுக்குத்தான் வரும். அப்போது நாற்றம் யாருடையது?

பலகை உடைந்ததும் ஆசிரியர் முறைப்படி மனு எழுதினார். நான் பார்த்த மனுக்களிலேயே அழகான மனு அது. பொருள், பார்வை, வணக்கம் எல்லாம் அதனதன் இடத்தில். ஓர் ஆபீசில் வாங்கிக்கொண்டு, இது எங்களுடையதில்லை என்றார்கள். அடுத்த ஆபீசில், கேபிள் போடத் தோண்டியபோது உடைந்திருக்கும், தோண்டினவர்களைக் கேளுங்கள் என்றார்கள். தோண்டினவர்கள் யாரென்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ராத்திரியில் வந்து விடிவதற்குள் போயிருந்தார்கள். இதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சைக்கிளோடு உள்ளே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டது.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் எம்.எல்.ஏ. ஆபீசில் ஒரு வார்த்தை சொன்னான். மறுநாள் புதுப் பலகை வந்து இறங்கியது. கூடவே நான்கு பேர் வந்து பலகையோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தெருப் பெரியவர்கள் யாரும் போட்டோவுக்கு வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

இவர்களின் மனக்குறையை இந்த இடத்தில்தான் சரியாகப் புரிந்துகொள்ளவேண்டும் என்று நினைக்கிறேன். வேலை நடக்கவில்லை என்பது பெரிய குறையாகத் தெரியவில்லை; வேலை நடந்துவிட்டது. ரசீது காட்டிக் கேட்டபோது கிடைக்காதது, தயவு கேட்டபோது கிடைத்தது என்பதுதான் உறுத்துகிறது. தயவு கேட்டு வாழ்வதில்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்.

எம்.எல்.ஏ.க்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. புதுச்சேரி சட்டமன்றத்துக்கு 30 தொகுதிகள். மொத்த வாக்காளர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் என்றால், தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்துக்குச் சற்று மேல். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் தொகுதியில் பல மடங்கு ஜனம். இவ்வளவு சின்னத் தொகுதியில் கவுன்சிலரும் இல்லாதபோது பலகை, குழாய், கல்யாணம், காலேஜ் சீட்டு எல்லாம் ஒரே வாசலுக்குத்தான் வரும். அவரும் சலிக்காமல் செய்கிறார், செய்தால்தான் அடுத்த முறை ஓட்டு. அந்த வாசலை இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொள்ள அவருக்கு என்ன அவசரம்? உள்ளாட்சித் தேர்தல் வராததற்கு வழக்கு ஒரு காரணம் என்றால், இந்த வசதி இன்னொரு காரணம் என்று நான் கருதுகிறேன். ஆட்சி மாறினாலும் இந்த வசதி மாறுவதில்லை.

பொறுப்பு பிரிந்து கிடப்பதன் விலை எப்போதும் முட்டிச் சிராய்ப்போடு முடிவதில்லை. 2024 ஜூன் 11ஆம் தேதி ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறை வழியாக வந்த விஷவாயு தாக்கி மூன்று பேர் இறந்தார்கள். ஒருத்தி பள்ளி மாணவி. அதன் பிறகுதான் வீட்டுக் கழிவறைக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவே வாயு திரும்பாமல் தடுக்கும் நீர்த்தடுப்பு இருக்கவேண்டும் என்ற விஷயமே பல வீடுகளுக்குத் தெரிய வந்தது. இணைப்பு வீட்டுக்காரர் பொறுப்பா, இணைப்பைச் சோதிப்பது துறையின் பொறுப்பா என்று ஊர் முழுக்கப் பேச்சு. நான் பார்த்த சங்கத்தில் அந்த வாரம் யாரும் யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. பிளம்பர் ஒருவரை வரவழைத்து வீடு வீடாகப் பார்த்தார்கள், செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். வாடகை வீடுகளையும் சேர்த்தே பார்த்தார்கள். இவர்களுடைய பொறுப்புணர்ச்சியைப் பற்றி யாராவது ஏளனமாகப் பேசினால் இதைச் சொல்வேன்.

ஐயாயிரம் ரூபாய்

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. 2011 டிசம்பரில் வந்த ‘தானே’ புயல் காற்றால் ஊரைச் சாய்த்தது என்றால் இது தண்ணீரால் மூழ்கடித்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மீட்க ராணுவம் வரவேண்டியிருந்தது.

அரசு எல்லா ரேஷன் அட்டைக்கும் 5,000 ரூபாய் என்று அறிவித்தது. சங்கத்தில் அன்று நடந்த சண்டை சுவையானது. வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வராதவனுக்கு எதற்கு ஐயாயிரம், அந்தப் பணத்தில் பெரிய வாய்க்காலைத் தூர் வாரலாமே என்று ஆரம்பித்தார் ஆசிரியர். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படியானால் நம் தெருவில் யாரும் வாங்கவேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு அம்மா கேட்டார். வரி கட்டும் வீட்டின் பத்திரம் அவர் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் கூட்டத்துக்கு வழக்கமாக வீட்டுக்காரர்தான் வருவார்; அன்று அவருக்குக் காய்ச்சல். அந்தக் கேள்விக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நம் வரிப்பணம்தானே திரும்பி வருகிறது, அதை ஏன் விடவேண்டும் என்று வியாபாரி முடித்துவைத்தார்.

இந்த வாதத்தைக் கவனியுங்கள். பக்கத்துக் குப்பத்து ஜனம் வாங்கினால் இலவசம், நாம் வாங்கினால் வரிப்பணம் திரும்புகிறது. வீட்டு வரி நகராட்சிக்குப் போவது, நிவாரணம் அரசு கஜானாவிலிருந்து வருவது. அந்தக் கஜானாவை நிரப்புவதில் ஜி.எஸ்.டி.க்கும் கலாலுக்கும் பெட்ரோல் மீதான வாட் வரிக்கும் பெரிய பங்கு. பெட்ரோல் போடும் மீனவனும் சோப்பு வாங்கும் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் அதில் கட்டுகிறார்கள். ரசீது மட்டும் அவர்களுக்குக் கிடையாது. தகரப் பெட்டியில் ரசீது இருப்பவன்தான் வரி கட்டுபவன் என்ற எண்ணம் இவர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. நான் வாதாடித் தோற்ற இடங்களில் இது ஒன்று.

ரெஸ்டோ பார் (உணவகத்தோடு சேர்ந்த மதுக்கூடம்) விவகாரத்தில் மட்டும் குப்பமும் சங்கமும் ஒரே பக்கம். குடியிருப்புப் பகுதிகளில் ரெஸ்டோ பார்கள் வரிசையாக முளைத்தபோது வெள்ளி, சனி இரவுகளில் சத்தம், வாசலை மறித்து வெளியூர் வண்டிகள், விடிந்தால் திண்ணையோரம் மூத்திர நாற்றம். "கலால் வரி கவர்மெண்டுக்கு, சத்தம் எங்களுக்கு" என்றார் சொல்தா தாத்தா. பிரான்ஸில் முப்பது வருஷம் இருந்தவர், மது எதிர்ப்பாளர் கிடையாது, ஞாயிறு மதியம் அவர் வீட்டுச் சாப்பாட்டில் ஒயின் உண்டு. இந்தத் தெருவில் பார் வைக்கலாமா என்று தெருக்காரனைக் கேட்கிற நடைமுறை வேண்டும் என்பதுதான் அவர் வாதம். கேட்பதற்கு வார்டு மன்றம் இல்லையே.

வாசல் படி

இனி அவர்களுக்குப் பிடிக்காத பகுதி.

முத்தியால்பேட்டையின் எந்தத் தெருவிலும் நடந்து பாருங்கள். வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் வாய்க்கால். வாய்க்காலின் மேல் படி. ஸ்கூட்டர் வந்த பிறகு படிக்குப் பக்கத்தில் சிமெண்டுச் சரிவு. கார் வந்த பிறகு சரிவு அகலமாகித் தெருவுக்குள் இரண்டடி இறங்கியது. தெருவை உயர்த்தி உயர்த்திப் போட்டதால் வீட்டுக்குள் தண்ணீர் வராமலிருக்க வாசலையும் உயர்த்தினார்கள், சரிவும் கூடவே உயர்ந்தது. இன்று வாய்க்காலின் நீளத்தில் பெரும்பகுதி யாராவது ஒருவருடைய சிமெண்டுக்கு அடியில் இருக்கிறது. துப்புரவுப் பணியாளர் மண்வெட்டியை எங்கே விடுவார்? இரண்டு வீட்டுக்கு நடுவில் கிடைக்கும் ஒரு முழ இடைவெளியில் எட்டின வரை வாரி, தெருவோரம் குவித்துவிட்டுப் போகிறார். அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே போகிறது.

வாய்க்கால் தூர் வாரவில்லை என்று ஆண்டுதோறும் மனு எழுதும் ஆசிரியர் வீட்டு வாசலிலும் சரிவு இருக்கிறது. அழகாக, வரி வரியாகக் கோடு கிழித்து, வழுக்காமல் போட்ட சரிவு. அவரிடம் கேட்டேன். "எல்லாரும் எடுத்தா நானும் எடுக்கறேன்" என்றார். எல்லா வீட்டிலும் இதே பதில். பொய்யான பதில் என்று சொல்லமாட்டேன். நான் ஒருவன் மட்டும் எடுத்தால் என் ஸ்கூட்டர் தெருவில் நிற்கும், வாய்க்கால் அப்போதும் அடைத்துத்தான் இருக்கும். எல்லோரையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நகராட்சி கமிஷனர் சொன்னால் நோட்டீஸ், கோர்ட் என்று போகும். எம்.எல்.ஏ. சொல்லமாட்டார், முப்பது சரிவுக்கு முப்பது குடும்ப ஓட்டு. இந்த மாதிரிக் கசப்பான வேலையைத் தெருவில் பிறந்து வளர்ந்த கவுன்சிலரால் ஓரளவு செய்யமுடியும், அவரும் தயங்கித்தான் செய்வார். ஆனால் அவர் வாசலிலிருந்து தொடங்கச் சொல்லலாம்.

குப்பையிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பதை 2016 திடக்கழிவு விதிகளே வீட்டுக்காரரின் கடமையாக்கிவிட்டன. எங்கள் தெருவில் பிரித்துக் கொடுப்பது வாடகைக்கு இருக்கும் இளம் தம்பதிகள்தான். அவர்கள் வரி கட்டாதவர்கள் என்பதால் சங்கத்தில் அவர்களுக்கு இடமில்லை.

கோட்டைத் தாண்டினால் கோட்டக்குப்பம்

முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே போனால் எங்கே புதுச்சேரி முடிந்து எங்கே தமிழ்நாடு தொடங்குகிறது என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது. கடைகளும் வீடுகளும் தொடர்ச்சியாக இருக்கும். அந்தப் பக்கம் கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம். 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்ந்து 2022 பிப்ரவரி 19ஆம் தேதி கவுன்சிலர் தேர்தலும் நடந்துவிட்டது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பக்கம் சம்பந்தி, கடை, மனை எல்லாம் உண்டு. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்குக் கவுன்சிலர் இருக்கிறார், தம்பிக்கு இல்லை.

ஆனால் அண்ணனுக்கு வேறொன்றும் வந்தது. தேர்தல் முடிந்த சில வாரங்களில் தமிழ்நாடு அரசு சொத்து வரியை உயர்த்தியது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். கடலூரிலும் கோட்டக்குப்பத்திலும் பெரிய வீட்டுக்காரர்களுக்கு வரி இரட்டிப்பானது. உயர்த்தியது அரசு, திட்டு வாங்கியது கவுன்சிலர்.

சங்கத்தில் இதை வைத்து ஒரு கேள்வி போட்டேன். கவுன்சிலர் வருவார், வரியும் இதே அளவு ஏறும் என்றால் சம்மதமா? தேர்தல் வேண்டும் என்று ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அங்கே பிரிந்தார்கள். இப்போதைய நிலையே பரவாயில்லை, ரசீது வாங்கினோமா வந்தோமா என்று போகலாம் என்றார் வியாபாரி. மில்காரர் யோசித்து, ஏறினால் ஏறட்டும், எதற்கு ஏறியது என்று கேட்க ஓர் ஆளின் வாசல் இருந்தால் போதும் என்றார். ஆசிரியர் பதில் சொல்லாமல் எவ்வளவு ஏறும் என்று கேட்டார். அவர் வீடு 1,800 சதுர அடியைத் தாண்டும்.

மன்றம் இல்லாததால் நஷ்டம் மட்டும்தான் என்று இவர்கள் பேசுவது முழு உண்மையில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெளிவானது. கேட்க ஆளில்லாத ஏற்பாட்டில் கேட்கப்படாமல் இருக்கும் சுகமும் இருக்கிறது. சரிவை எடு என்று யாரும் சொல்வதில்லை. மாடி கட்டினாயே, வரியில் காட்டினாயா என்று யாரும் வருவதில்லை. கமிஷனர் மாறிக்கொண்டே இருப்பார், பழைய ரசீதைக் காட்டினால் போதும்.

கோட்டக்குப்பத்து அண்ணன் சொன்ன இன்னொரு விஷயம் சங்கத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. தமிழ்நாட்டில் நமக்கு நாமே திட்டத்தில் தெருக்காரர்கள் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு போட்டு வேலையை முடித்துக் கொடுக்கிறது. பூங்கா, வாய்க்கால், விளக்கு எதுவாகவும் இருக்கலாம். இவர்கள் சுபாவத்துக்கு ஏற்ற ஏற்பாடு அது. கையிலிருந்து போட்டால்தான் கணக்குக் கேட்கமுடியும் என்பது இவர்கள் நம்பிக்கை. இங்கே அப்படி ஒன்று இருந்தால் வாய்க்காலுக்கு மூடி போட நாங்களே பணம் கட்டுவோம் என்றார்கள். கட்டுவார்கள், சந்தேகமில்லை. புதுநகர்ச் சம்பவத்துக்குப் பிறகு பிளம்பருக்குக் கட்டினார்களே.

மனுவின் இப்போதைய நிலை

கடைசியாக நான் போன கூட்டத்தில் ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்தான் எழுத்தர். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4இன்படி ஒவ்வொரு அலுவலகமும் தன் பட்ஜெட்டையும் செலவையும் யாரும் கேட்காமலே வெளியிட்டாக வேண்டும். அதை மேற்கோள் காட்டி, எங்கள் பகுதியில் வசூலான வீட்டு வரி எவ்வளவு, இங்கே செலவான தொகை எவ்வளவு, தெருவாரியாகத் தாருங்கள் என்று முதல் பத்தி. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாம் பத்தியில் உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்தவேண்டும் என்றிருந்ததை, இடஒதுக்கீட்டை உறுதிசெய்து உடனே நடத்தவேண்டும் என்று மில்காரர் மாற்ற வைத்தார்.

மூன்றாம் பத்தியை எழுதச் சொன்னது அந்த அம்மா. இப்போது அவரே கூட்டத்துக்கு வருகிறார், வீட்டுக்காரர் வருவதில்லை. வாய்க்கால் மேலுள்ள சரிவுகளை எங்கள் தெருவில் நாங்களே ஒரு தேதி குறித்து இடித்துக்கொள்கிறோம், அதே வாரத்தில் தூர் வாரித் தூக்கி வைக்கக்கூடிய மூடி போட்டுக் கொடுங்கள் என்பது அவர் சொன்ன வாசகம். எழுதினார்கள். படித்தார்கள். "நாங்களே" என்பதை அடித்துவிட்டு "தாங்கள் ஆணையிட்டால்" என்று மாற்றலாம் என்றார் வியாபாரி. ஏழு பேர் கை தூக்கினார்கள், நான்கு பேர் தூக்கவில்லை. ஆசிரியர் எந்தப் பக்கமும் கை தூக்காமல் பேனாவை மூடி வைத்தார். மூன்றாம் பத்தியை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்துகொள்ளலாம், முதல் இரண்டை மட்டும் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று கூட்டம் கலைந்தது. அந்த அம்மா மட்டும் கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுத் தன் வாசல் சரிவை இடிக்க எவ்வளவு ஆகும் என்று விலை கேட்டு வைத்திருக்கிறார்.